வாசகர் கேள்வி – பதில்: சுறாவோடு நீந்திய கணவர்

கேள்வி (மதுரை வாசகி ஒருவர்): பதினாறு ஆண்டுகளுக்கு முன் அலுவலக வேலையாக ஃபுளோரிடா சென்றிருந்த என் கணவர், ஆர்லாண்டோவில் ஒரு நீர் விளையாட்டுப் பூங்காவில் சுறாக்களோடு நீந்தியதாக இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார். வரும் கோடையில் பதினொரு வயது மகளோடு நாங்கள் அங்கே செல்கிறோம். அவர் சொல்வது உண்மைதானா? உண்மையென்றால் குழந்தையை அந்த நீரில் இறக்கலாமா?

பதில்: உங்கள் கணவர் கதை கட்டவில்லை. டிஸ்னி நிறுவனம் 1989-இல் திறந்த டைஃபூன் லகூன் என்ற பூங்காவில் ‘ஷார்க் ரீஃப்’ என்றொரு உப்புநீர்க் குளம் இருந்தது. முகத்தில் கண்ணாடிக் கவசமும் வாயில் மூச்சுவிடுவதற்கான ஸ்நார்க்கல் குழாயும் அணிந்துகொண்டு, வண்ண மீன்களுக்கும் திருக்கைகளுக்கும் சிறு சுறாக்களுக்கும் மேலாக ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு மிதந்து செல்லலாம். நடுவே கவிழ்ந்து கிடப்பதுபோல் ஒரு கப்பலை அமைத்திருந்தார்கள். நீரில் இறங்க அஞ்சியவர்கள் அதன் வட்டச் சன்னல்கள் வழியாக அதே மீன்களைப் பார்த்தார்கள். ஆனால் 2016 அக்டோபரில் அந்தக் குளத்தை நிரந்தரமாக மூடிவிட்டார்கள் என்பதால், உங்கள் மகளுக்கு அந்த அனுபவம் அதே இடத்தில் கிடைக்காது. அதே ஊரில் உள்ள டிஸ்கவரி கோவ் பூங்காவில், 2011-இல் திறக்கப்பட்ட ‘கிராண்ட் ரீஃப்’ என்ற பெரிய செயற்கைப் பவளக் குளத்தில் மீன்களோடும் திருக்கைகளோடும் மிதக்கலாம்.

சுறா கடிக்குமா என்ற அச்சத்துக்கு வருகிறேன். அங்கே இருந்தவற்றுள் முக்கியமானது பானட்ஹெட் என்னும் சுறா. நம் மீனவர்கள் கொம்பன் சுறா என்று சொல்லும் இனத்துக்கு இது நெருங்கிய உறவு. கொம்பனின் தலை சுத்தியலைப்போல் இருபுறமும் நீண்டிருக்கும்; இதன் தலையோ மண்வெட்டியின் இலைபோல் வளைந்து அடங்கியிருக்கும். நீளம் ஏறத்தாழ ஒரு மீட்டர். உணவு பெரும்பாலும் நண்டும் இறாலும். கடற்புல்லையும் தின்று செரிக்கிறது என்று 2018-இல் கலிஃபோர்னிய ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். சுறாக் குலத்தில் பாதிச் சைவம் என்று இதைச் சொல்லலாம்போலும். உடன் இருந்த சிறுத்தைச் சுறாவும் கடலடியில் நண்டும் சிப்பியும் தேடி உண்பதுதான். இவை மனிதரைக் கண்டால் விலகிச் செல்பவை. ஆயினும் பல் உள்ள எந்த உயிரையும் பிடிக்கவோ மறிக்கவோ கூடாது என்பதால், தொடாமலும் மூழ்காமலும் காலை வேகமாக உதைக்காமலும் நீரின் மேற்பரப்பிலேயே செல்லுமாறு பணியாளர்கள் சொல்லி அனுப்பினார்கள்.

இன்னொன்றும் உண்டு. கண்ணாடிக் கவசத்தின் உள்ளே காற்று இருப்பதால் ஒளி விலகி, நீருக்குள் இருக்கும் பொருள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும். எனவே உங்கள் கணவர் பார்த்த சுறாவின் நீளத்தைக் கையை விரித்துக் காட்டினால், அதில் கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள். பொய் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

கேள்வி (அதே வாசகி): எனக்கு நீச்சல் தெரியாது, பார்வைக்குறைவுக்குக் கண்ணாடியும் அணிகிறேன். நானும் இறங்க முடியுமா?

பதில்: முடியும். இத்தகைய இடங்களில் மிதப்பு மேலாடை தருவார்கள். அதை அணிந்தவருக்கு மேற்பரப்பில் மிதப்பது எளிது. மூக்குக்கண்ணாடியைக் கவசத்துக்குள் அணிய இயலாது, ஏனெனில் அதன் காம்புகள் விளிம்பைத் தூக்கிவிட, அந்த இடுக்கின் வழியே நீர் புகும். கான்டாக்ட் லென்ஸோடு நீரில் இறங்குவதைக் கண் மருத்துவர்கள் விரும்புவதில்லை. உங்கள் பார்வை அளவுக்கேற்ற வில்லை பொருத்திய கவசங்கள் கடைகளில் கிடைக்கின்றன. புறப்படுமுன் ஒன்று வாங்கிக்கொள்வது நல்லது. உங்கள் கணவருக்கு அடர்ந்த மீசை இருந்தால், அதன் வழியாகவும் நீர் கசியும் என்று சொல்லிவையுங்கள்.

சுறாவைவிடக் குளிரையே நான் பொருட்படுத்துவேன். ஷார்க் ரீஃபின் நீர் ஏறத்தாழ 20 டிகிரி செல்சியஸில் இருந்தது. நீர் காற்றைவிடப் பல மடங்கு விரைவாக உடற்சூட்டை இழுப்பதால், மதுரை வெயிலில் வளர்ந்த குழந்தைக்கு முதல் நிமிடத்தில் மூச்சுத் திணறுவதுபோல் தோன்றும். எங்கே இறங்கினாலும் கரையோரம் நின்று, முகத்தை நீரில் வைத்துக் குழாய் வழியாக நிதானமாக மூச்சுவிடப் பழகிய பிறகே அவளை மிதக்க விடுங்கள்.

கேள்வி (தூத்துக்குடி வாசகர் ஒருவர்): பூங்காக் குளங்களில் குளோரின் கலப்பார்களே, அதில் மீன் எப்படி உயிர் வாழும்?

பதில்: வாழாது, குளோரின் செவுள்களை அரித்துவிடும். ஆகவே மீன் குளத்தின் நீரோட்டத்தை மற்றக் குளங்களின் நீரோடு கலவாமல் தனியாக வைத்து, வேறு முறைகளில் தூய்மை செய்கிறார்கள். இறங்குமுன் குளித்துவரச் சொல்வதும் உடலிலுள்ள குளோரினும் வெயில்காப்புக் களிம்பும் மீன்களுக்குத் தீங்கு செய்யாதிருக்கவே. கடலில் வாழும் இத்தகைய சுறாவுக்கு உப்பும் கட்டாயம் தேவை. கடல்நீரின் உப்புக்கு ஈடுகொடுக்க அது தன் இரத்தத்தில் யூரியாவைச் சேர்த்து வைத்திருக்கிறது. நாள்பட்ட சுறாவில் எழும் அம்மோனியா நெடி அந்த யூரியா சிதைவதால் வருவது. சுறாப்புட்டுக்கு மீன் வாங்கும் உங்கள் ஊர்க்காரர்களுக்கு அந்த நெடியை நான் விளக்கத் தேவையில்லை.