சொந்த மண்ணும் 64 கட்டமும்

கேள்வி: 2024 உலக செஸ் சாம்பியன்ஷிப்பைச் சிங்கப்பூருக்குக் கொடுக்காமல், கேட்ட சென்னைக்கே கொடுத்திருந்தால் குகேஷ் 14-வது ஆட்டம் வரை இழுக்காமல் முன்பே முடித்திருப்பார் அல்லவா? சொந்த மண்ணின் பலம் செஸ்ஸுக்குக் கிடையாதா?
– வாசகர், மதுரை

பதில்: கிடையாது. சென்னைக்கு வராமல் போனதே அவருக்கு நல்லது.

கிரிக்கெட்டில் பிட்சை நமக்குத் தோதாகப் போட்டுக்கொள்ளலாம். கால்பந்தில் கூட்டம் போடும் கூச்சலில் நடுவரின் விசிலே கொஞ்சம் சாயும். செஸ்ஸில் பார்வையாளர் இருமினாலே ஆர்பிட்டர் (செஸ் நடுவர்) திரும்பிப் பார்ப்பார். இந்த ஆட்டத்தில் உள்ள நிஜமான சாதகம் வெள்ளைக் காய்தான். நூறு புள்ளியில் 54, 55 அந்தப் பக்கம் போகும். அதையும் உலகப் போட்டியில் சரிபாதியாகப் பங்கு வைத்துவிடுகிறார்கள்.

மிஞ்சுவது பயணக் களைப்பு. 2010 உலகப் பட்டப் போட்டியில் பல்கேரியாவின் டோபலோவுடன் அவர் நாட்டிலேயே, சோஃபியாவில் ஆடப் போன ஆனந்த், ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பலால் விமானம் ரத்தாகி சுமார் 40 மணி நேரம் சாலை வழியாகப் போய்ச் சேர்ந்தார். மூன்று நாள் அவகாசம் கேட்டார். ஒரு நாள் கிடைத்தது. முதல் ஆட்டத்தில் தயாரித்து வைத்திருந்த நகர்த்தல் வரிசை குழம்பி, ராஜாவை எஃப்7 கட்டத்துக்கு நகர்த்தி, 30 நகர்த்தலில் தோற்றார். களைப்பு அத்தோடு சரி. அடுத்த ஆட்டத்திலேயே ஜெயித்தார். கடைசி ஆட்டத்தில் வெள்ளைக் காய் டோபலோவிடம். டிரா ஆனால் ரேபிட், அதாவது நேரம் குறைந்த வேக ஆட்டம். அதில் ஆனந்த் கில்லாடி. அதைத் தவிர்க்கப் போய் டோபலோவ், 32-வது நகர்த்தலில் இ4 சிப்பாயை வெட்டித் தன் ராஜாவையே திறந்துவிட்டார். பட்டம் ஆனந்துக்கு.

மூன்றே வருடத்தில் நிலைமை திரும்பியது. 2013, சென்னையில் உலகப் பட்டப் போட்டி. எதிரே ஆடிய நார்வேயின் கார்ல்சன் ஆகஸ்டிலேயே வந்து அரங்கைப் பார்த்தார், ஓமனில் தங்கி வெயிலுக்குப் பழகினார், சமையல்காரரையும் கூட்டி வந்தார். பயண இழப்பு அத்தனையும் அதிலேயே ஈடாகிவிட்டது. ஆனந்துக்கோ ஊர் முழுக்கத் தெரிந்த முகம், அத்தனை பேரின் எதிர்பார்ப்பு. ஒன்பதாவது ஆட்டத்தில் 3–5 என்று பின்தங்கியிருந்தவர் தாக்கியே தீர வேண்டிய நிலை. எஃப்1-க்கு பிஷப் போயிருந்தால் சண்டை தொடர்ந்திருக்கும், அங்கே குதிரையை வைத்தார். சிப்பாயிலிருந்து மாறிய கார்ல்சனின் புது ராணி இ1-க்கு வந்ததும் தோல்வியை ஒப்புக்கொண்டு கை கொடுத்துவிட்டார்.

சொந்த மண் நிஜமாகக் கொடுத்தது நாடுகளின் அணிகள் மோதும் 2022 மாமல்லபுரம் செஸ் ஒலிம்பியாடில், அதுவும் விதியின் மூலமாக. நடத்தும் நாடு என்பதால் ஓபன் பிரிவில் மூன்று அணிகளை இறக்கினோம். வெண்கலம் வென்றது குகேஷும் பிரக்ஞானந்தாவும் இருந்த இரண்டாவது அணி. முதல் அணிக்கு நான்காம் இடம். ஓபன், பெண்கள் என இரட்டைத் தங்கம் வந்தது 2024-இல், புடாபெஸ்டில், பிரிவுக்கு ஒரே அணியோடு.

பிள்ளைகளைப் போட்டிக்கு அழைத்துப் போகும் பெற்றோருக்கு ஒன்று சொல்கிறேன். உள்ளூர் என்றால் உறவினரிடமிருந்து வரும் போனையெல்லாம் சுற்று முடியும்வரை நீங்களே எடுத்துப் பேசிக்கொள்ளுங்கள். சாப்பாடு இரண்டு மணி நேரம் முன்னால் முடியட்டும். ஏசி அரங்குக்கு முழுக்கைச் சட்டை அவசியம். வெளிநாடு என்றால், ஒரு மணி நேர வித்தியாசத்துக்கு ஒரு நாள் என்று வைத்து முன்கூட்டியே போங்கள். முதல் நாள் இரவு போய் இறங்கினால், முதல் சுற்றில் பிள்ளை பாதித் தூக்கத்தில்தான் உட்காரும்.