ஸ்கேனில் காறை எலும்பு தெரிந்தால் பரவியதுதானா?

தங்கச்சி, மார்பகப் புற்றுக்கு வைத்தியம் செய்த அம்மாவின் எலும்பு ஸ்கேனில் காறை எலும்புப் (கழுத்துக்குக் கீழே தோள்வரை போகும் எலும்பு) பக்கம் கறுப்பாகத் தெரிந்ததாகவும், பரவிவிட்டதென்று வீடே அழுவதாகவும் கல்முனையிலிருந்து எழுதியிருக்கிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் சீழ்க் கொப்புளம் வந்து வந்து போகிறது என்று கடைசியில் ஒரு வரி சொன்னீர்களே, எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது.

சாஃபோ என்று ஓர் அரிய வருத்தம் இருக்கிறது. 1987இல் பிரான்ஸ் டொக்டர்கள் வைத்த பெயர். புற்று இல்லை, எலும்பும் தோலும் அழற்சி கொள்ளும்; நீங்கள் சொன்ன மாதிரிக் கொப்புளமும் அதில் வரலாம். மார்பெலும்பும் காறை எலும்புகளும் சேருகிற மூட்டைத்தான் அதிகம் பிடிக்கும். ஸ்கேனில் சிலருக்கு அந்த இடம் மாட்டுத்தலை போலவே தெரியும். புற்றுநோயாளிக்கு இது வந்தால் பரவல் என்று தவறாக நினைப்பது சுலபம்.

ஆனால் ஸ்கேனை மட்டும் வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. அடுத்த கிளினிக்கில் கைகால்களைக் கட்டாயம் காட்டுங்கள். கொப்புளம் காய்ந்திருந்தால், வந்த நேரம் எடுத்த போட்டோவையாவது காட்டுங்கள். எலும்பில் சிறு துண்டெடுத்துப் பரிசோதிக்கலாமா என்று வாய்விட்டுக் கேளுங்கள், தோல் டொக்டரையும் பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை புற்று மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், தங்கச்சி.