ஒரே விஞ்ஞானி பெயரில் நானூறு ஆய்வுக் கட்டுரைகள், எப்படி?

கேள்வி: உயர் ஆற்றல் வானியற்பியல் பேராசிரியர் ஒருவரின் பக்கத்தில் நானூறுக்கும் மேல் கட்டுரைகள் இருக்கின்றன. ஒரு ஆளால் இவ்வளவு எழுத முடியுமா? பிஎச்.டி.க்கு அவரிடம் விண்ணப்பிக்கலாமா?

ஒரு ஆளால் முடியாது. அவரே உட்கார்ந்து எழுதியது அதில் கொஞ்சம்தான் இருக்கும். அதற்காக இதை ஏமாற்று வேலை என்று நினைத்துவிடாதீர்கள்.

நான் தருமபுரியில் இயற்பியல் பாடம் நடத்துகிறேன். எம்.எஸ்சி. முடிக்கப்போகும் பிள்ளைகளும் "சார், இவருக்குத்தான் பேப்பர் அதிகம், இவர்கிட்டயே போட்டுடலாமா?" என்றுதான் வந்து நிற்பார்கள். திருப்பத்தூர் தாண்டினால் காவலூர் வானாய்வகம் வந்துவிடுகிறது இல்லையா, அதனால் வானியலாளர் என்றாலே குவிமாடத்துக்குள் தனியாக இரவெல்லாம் விழித்திருப்பவர் என்று ஒரு கற்பனை. காமா கதிர், நியூட்ரினோ, ஈர்ப்பலை (வெளியையே லேசாக அதிரவைத்து வரும் அலை) இவற்றை வைத்து வானத்தை ஆராய்வது என்று வந்துவிட்டால் அந்தக் கதை நடக்காது. கருவியைக் கட்டவே நூற்றுக்கணக்கானோர் வேண்டும். அந்தக் கூட்டமைப்பின் கட்டுரைகளில் எல்லோர் பெயரும் வரும்.

2017 ஆகஸ்ட் 17 அன்று நடந்ததைப் பாருங்கள். சுமார் 13 கோடி ஒளியாண்டு தொலைவில் இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதிய ஈர்ப்பலையை லைகோ, விர்கோ என்ற ஈர்ப்பலைக் கருவிகள் பிடித்தன. 1.7 விநாடி கழித்து ஃபெர்மி செயற்கைக்கோள் காமா வெடிப்பைப் பதிவு செய்தது. பிறகு உலகம் முழுக்கத் தொலைநோக்கிகள் அந்தப் பக்கம் திரும்பின. அக்டோபரில் வந்த கூட்டுக் கட்டுரையில் ஆசிரியர்கள் மட்டும் மூவாயிரத்துக்கும் மேல். இந்தியாவின் விண்வெளித் தொலைநோக்கியான அஸ்ட்ரோசாட்டின் குழுவும் அதில் உண்டு. அந்த நேரத்தில் அஸ்ட்ரோசாட்டுக்குப் பூமி குறுக்கே இருந்ததால் அது எதையும் பார்க்கவில்லை. ஆனால் அதுவும் தகவல்தான். வெடிப்பு எந்தத் திசையில் இருந்திருக்கலாம் என்பதைச் சுருக்க அது உதவியது.

இந்த நீளமான பெயர்ப் பட்டியல் நம்மூர்க் கல்யாணப் பத்திரிகையில் அச்சடிக்கும் உறவினர் பட்டியல் மாதிரி. முதலில் இருப்பவர்தான் ஓடியாடி வேலை செய்தவர் என்று அர்த்தமில்லை. பெரும்பாலும் அகரவரிசைதான். ஈர்ப்பலைக் கட்டுரைகள் பலவற்றை 'அப்பாட் மற்றும் பிறர்' என்று குறிப்பிடுவதற்கு அந்தப் பெயரின் ஆங்கில எழுத்துகளே காரணம். பட்டியலில் சேரவும் சும்மா முடியாது. நமீபியாவில் காமா கதிர் பார்க்கும் ஹெஸ் தொலைநோக்கிகளில் ஷிஃப்ட் பார்ப்பது, கருவியை அளவீடு செய்வது, மென்பொருள் எழுதுவது என்று ஏதாவது ஒரு வேலை செய்தாக வேண்டும். ராத்திரி கண் விழித்தவனுக்கும் பெயர் போடுவது நியாயம்தான் என்பது என் கட்சி.

எல்லாக் கூட்டமைப்பும் இவ்வளவு பெரிதில்லை. ஊட்டியில் டாடா ஆராய்ச்சி நிறுவனம் நடத்தும் கிரேப்ஸ்-3 என்ற காஸ்மிக் கதிர் ஆய்வை எடுத்துக்கொள்ளுங்கள். ஜப்பான்காரர்களும் கூட்டு. வானிலிருந்து விழும் மியூவான் என்ற நுண்துகள்களை எண்ண அங்கே 3,712 இரும்புக் குழாய்கள் அடுக்கி வைத்திருக்கிறார்கள். 2014 டிசம்பர் 1 அன்று தலைக்கு மேல் போன இடிமேகத்தில் சுமார் 130 கோடி வோல்ட் மின்னழுத்தம் இருந்ததை, மியூவான் எண்ணிக்கை குறைந்ததை வைத்தே கணக்கிட்டு 2019-இல் வெளியிட்டார்கள். ஆசிரியர்கள் இருபது சொச்சம் பேர்தான். இப்படிப்பட்ட கட்டுரையில் யார் என்ன செய்தார் என்று விசாரித்தால் தெரிந்துவிடும்.

சரி, உங்கள் பேராசிரியருக்கு வருவோம். வானியல் கட்டுரைகளைத் திரட்டி வைத்திருக்கும் நாசாவின் ஏ.டி.எஸ். தளத்தில் அவர் பெயரைத் தேடுங்கள். காமா வெடிப்பு நடந்த சில மணி நேரத்தில் அனுப்பும் ஜி.சி.என். சுற்றறிக்கை, மாநாட்டுச் சுருக்கம் எல்லாம் அங்கே எண்ணிக்கையில் சேரும். நடுவர் பார்த்து ஏற்ற கட்டுரைகளை மட்டும் வடிகட்டுங்கள். அப்புறம் ஆசிரியர்கள் பத்துப் பேருக்குள் உள்ளவற்றை மட்டும் எடுங்கள். நானூறு என்பது நாற்பதாகக் குறைந்தாலும் பயப்பட வேண்டாம், அவருடைய சொந்தச் சரக்கு பெரும்பாலும் அதில்தான் இருக்கும். அதில் முதல் பெயராக அவருடைய மாணவர்கள் வருகிறார்களா என்று பாருங்கள். எனக்கு இதுதான் முக்கியம். கட்டுரைகளை மற்றவர்கள் எத்தனை முறை மேற்கோள் காட்டினார்கள் என்பதை வைத்துப் போடும் ஹெச் இண்டெக்ஸை நான் பார்ப்பதே இல்லை. ஆயிரம் பேர் கட்டுரைகளில் இருந்தாலே அது தானாக ஏறிவிடும்.

தமிழ்ப் பெயர் என்றால் இன்னொரு தலைவலி உண்டு. இனிஷியல் ஒரு கட்டுரையில் முன்னால் இருக்கும், இன்னொன்றில் அப்பா பெயர் முழுதாக வரும், ஒரே ஆள் இரண்டு ஆளாகிவிடுவார். ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் தனியாகத் தரும் அடையாள எண்ணான ஆர்கிட் எண் இருந்தால் அதை வைத்துத் தேடுங்கள். நீங்களும் முதல் கட்டுரை போவதற்கு முன் ஒன்று வாங்கிவிடுங்கள், இலவசம்தான்.

பட்டியல் திருப்தியாக இருந்தால் தாராளமாக விண்ணப்பியுங்கள். மெயில் அனுப்பும்போது மூவாயிரம் பேர் கட்டுரையைப் புகழ்ந்து எழுதாதீர்கள். அந்த நாற்பதில் ஒன்றைப் படித்து, புரியாத ஒரு இடத்தைக் கேளுங்கள்.