விரல் ரேகை மறப்பதில்லை: குடியுரிமைக்கு முன் உங்கள் கோப்பின் நகலைக் கேட்டு வாங்குங்கள்

கேள்வி: 2007இல் ஏஜென்சி மூலம் லாரியில் ஒளிந்து பிரிட்டனுக்கு வந்தேன். ஏஜென்சிக்காரர் சொன்னபடி வேறு பெயர், வேறு பிறந்த தேதி கொடுத்துத் தஞ்சம் கேட்டேன். கேஸும் அப்பீலும் தள்ளுபடி. பயந்துபோய்க் குடிவரவு அலுவலகத்தில் கையெழுத்துப் போடப் போவதையே நிறுத்தி, மூன்று வருடம் ஒரு கடையில் வேலை செய்தேன். பிறகு உண்மைப் பெயரில் புதிய ஆதாரங்களோடு கேஸ் போட்டேன். 2013இல் அகதி அந்தஸ்தும் 2018இல் நிரந்தர வதிவிட உரிமையும் கிடைத்தன. குடும்ப இணைவு விசாவில் வந்த மனைவிக்கும் நிரந்தர வதிவிடம் இருக்கிறது. இங்கே மகன் 2017இலும் மகள் 2021இலும் பிறந்தார்கள். இப்போது குடியுரிமைக்கு விண்ணப்பிக்கப் போகிறேன். படிவம் நிரப்பித் தருபவர், "பழசையெல்லாம் எழுதாதீங்க அண்ணா" என்கிறார். எழுதாமல் விடலாமா?

பதில்: விடவே கூடாது. 2007இல் வேறு பெயரில் நீங்கள் வைத்த பத்து விரல் ரேகையும், பிறகு உண்மைப் பெயரில் வைத்த ரேகையும் பிரிட்டனின் உள்துறை அமைச்சகமான ஹோம் ஆபீஸில் ஒரே கோப்பில் இருக்கும். அவர்களுக்குத் தெரிந்ததை நீங்கள் மறைத்தால், பழைய தவறு இன்றைய பொய்யாகிவிடும். முக்கியமான விஷயத்தை மறைத்துப் பெற்ற குடியுரிமையை 1981ஆம் ஆண்டு பிரிட்டிஷ் குடியுரிமைச் சட்டத்தின் 40ஆவது பிரிவின்படி பிறகு பறிக்கவும் முடியும். சும்மா பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை.

தலைமறைவாக இருந்ததும் அனுமதியில்லாமல் வேலை செய்ததும் எனக்குப் பெரிய கவலையில்லை. குடிவரவு விதிமீறல்களைப் பொதுவாகக் கடந்த 10 ஆண்டுகளுக்குத்தான் பார்ப்பார்கள். உங்களுடையவை 2013க்கு முன்பே முடிந்துவிட்டன.

சிக்கல் லாரியில் வந்ததுதான். குடியுரிமை கேட்பவர் நன்னடத்தை உள்ளவரா என்று பார்ப்பதற்கான வழிகாட்டுதல் 2025 பிப்ரவரி 10 முதல் மாறிவிட்டது. சட்டவிரோதமாக நுழைந்தவர்கள் அந்தத் தேதியிலோ அதற்குப் பிறகோ விண்ணப்பித்தால், நுழைந்து எத்தனை வருடம் ஆகியிருந்தாலும் சாதாரணமாக மறுக்கப்படும். உயிருக்குப் பயந்து வந்து, அகதி என்று இதே அரசு ஏற்றுக்கொண்ட ஒருவரை வந்த வழிக்காக வாழ்நாள் முழுதும் வெளியே நிறுத்துவது அநியாயம் என்பதே என் கருத்து. ஆனாலும் "சாதாரணமாக" என்ற சொல்லில் ஒரு சின்னக் கதவு திறந்திருக்கிறது. ஏன் வேறு வழியில் வர முடியவில்லை, அகதி அந்தஸ்து கிடைத்த பிறகு எப்படி வாழ்ந்தீர்கள் என்பதை ஆதாரங்களோடு விளக்கி, விதிவிலக்கு கேட்கலாம். கிடைக்கும் என்று நான் வாக்குத் தர மாட்டேன். மறுத்தால் விண்ணப்பக் கட்டணம் திரும்பி வராது, மேல்முறையீட்டு உரிமையும் கிடையாது. மறுபரிசீலனை கேட்கலாம், அல்லது நீதிமன்ற மறுஆய்வுக்குப் போகலாம். மறுப்பதால் மட்டும் உங்கள் வதிவிட உரிமை போய்விடாது.

சரி, முதலில் என்ன செய்வது? ஹோம் ஆபீஸுக்கு சப்ஜெக்ட் ஆக்சஸ் ரிக்வெஸ்ட் அனுப்பி உங்கள் கோப்பின் நகலை வாங்குங்கள். அது இலவசம். அதில் முதல் நேர்காணல் பக்கங்களைத் தேடுங்கள். அன்று அதிகாரி கையால் எழுதியதில், "எப்படி வந்தீர்கள்?" என்ற கேள்விக்கு நேரே இருக்கும் உங்கள் பதிலை வரிவரியாகப் படியுங்கள். வேறு பெயர் கொடுத்ததைப் பிறகு நீங்களே சொல்லித் திருத்தினீர்களா, எந்தக் கடிதத்தில் என்பதையும் குறித்து வையுங்கள். இப்போது எழுதப்போகும் விளக்கம் அந்தப் பக்கங்களோடு ஒத்துப்போக வேண்டும்.

குடும்பம் உங்களுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. மகள் பிறந்தபோது உங்களுக்கு நிரந்தர வதிவிடம் இருந்ததால், அவள் பிறப்பாலேயே பிரிட்டிஷ் பிரஜை. நேரே பாஸ்போர்ட்டுக்குப் போடுங்கள். மகன் பிறந்தபோது அது இல்லை. ஆனால் பெற்றோரில் ஒருவர் பிறகு நிரந்தர வதிவிடம் பெற்றதால், 18 வயதுக்குள் பதிவு செய்துகொள்ள அவனுக்கு உரிமை இருக்கிறது. நன்னடத்தை விதி 10 வயதில் தொடங்குகிறது, அதனால் தள்ளிப்போடாதீர்கள். பணக்கஷ்டம் என்றால் அவனுக்குக் கட்டண விலக்கு கேட்கலாம். மனைவி முறையான விசாவில் வந்தவர். ஐந்து வருட வசிப்பு, ஆங்கிலம், பிரிட்டன் வாழ்க்கை பற்றிய லைஃப் இன் தி யூகே தேர்வு எல்லாம் சரியாக இருந்தால் அவர் தனியாகவே விண்ணப்பிக்கலாம்.

அப்புறம், அந்தப் படிவக்காரர் சொலிசிட்டரா, அல்லது குடிவரவு ஆலோசனை ஆணையமான ஐஏஏவில் பதிவு பெற்றவரா என்று கேளுங்கள். இரண்டும் இல்லையென்றால் அவரிடம் கொடுத்த ஆவணங்களைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். கோப்பு கையில் வரும்வரை உங்கள் விண்ணப்பத்தை மட்டும் நிறுத்தி வையுங்கள். மகனுடையதை இந்த வாரமே தொடங்குங்கள்.