சாக்லேட் கட்டிக்கு லேப்ராஸ்கோப்பி: முடிவெடுக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

இடது சினைப்பையில் 5 செ.மீ. அளவுள்ள சாக்லேட் கட்டி (எண்டோமெட்ரியோசிஸ் என்ற நோயால் பழைய இரத்தம் தேங்கி உருவாகும் கட்டி), கடுமையான மாதவிடாய் வலி, இன்னும் குழந்தை இல்லை என்ற நிலையில், மருந்து போதுமா, லேப்ராஸ்கோப்பி செய்துகொள்ள வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மருத்துவர் அல்லேன். இதே கட்டிக்காக அந்த அறுவையைச் செய்துகொண்டவள். கட்டியின் அளவை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள் என்பதையே முதலில் வலியுறுத்த விரும்புகிறேன்.

டைனோஜெஸ்ட், கருத்தடை மாத்திரை போன்ற ஹார்மோன் மருந்துகள் வலியை நன்றாகக் குறைக்கும். கட்டியும் ஓரளவு சுருங்கக்கூடும். ஆனால் அவற்றை உட்கொள்ளும் காலத்தில் பொதுவாகக் கருமுட்டை வெளிப்படுவதில்லை என்பதால், உடனே குழந்தை வேண்டுவோருக்கு அவை பொருந்தா. உங்கள் கேள்வியின் உண்மையான சிக்கல் இங்குதான் இருக்கிறது.

லேப்ராஸ்கோப்பியில், வயிற்றில் சில சிறு துளைகளிட்டு, கேமரா வழியே பார்த்துக்கொண்டே கட்டியைத் திறந்து, உள்ளிருக்கும் பழைய இரத்தத்தை வெளியேற்றி, கட்டியின் உறையைச் சினைப்பையிலிருந்து உரித்தெடுக்கிறார்கள். திரவத்தை மட்டும் உறிஞ்சி எடுத்தால் கட்டி பெரும்பாலும் திரும்ப வந்துவிடும். உறையை நீக்கினால் அந்த வாய்ப்பு குறைகிறது, வலியும் தணிகிறது, இயல்பாகக் கருத்தரிக்கும் வாய்ப்பும் கூடுகிறது. எனினும் உறையை உரிக்கும்போது அதனுடன் ஒட்டியிருக்கும் நல்ல திசுவும், அதிலுள்ள கருமுட்டைகளும் சிறிதளவு போய்விடுகின்றன; இரத்தக்கசிவை நிறுத்தக் கொடுக்கும் மின்வெப்பமும் சினைப்பையைப் பாதிக்கலாம். இரண்டு சினைப்பைகளிலும் கட்டி இருந்தாலோ, முன்பே ஒருமுறை அறுவை நடந்திருந்தாலோ இந்த இழப்பு பெரிதாகும். ஆகவே அறுவைக்கு முன்பே, சினைப்பையில் எஞ்சியிருக்கும் கருமுட்டை இருப்பைக் காட்டும் ஏ.எம்.எச். இரத்தப் பரிசோதனையையும், கணவரின் விந்தணுப் பரிசோதனையையும் செய்துவிடும்படி மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். என் மருத்துவர் அந்த அளவைப் பார்த்த பிறகே அறுவைக்கு நாள் குறித்தார். அந்த நிதானத்துக்கு இன்றும் நன்றியுடையவளாக இருக்கிறேன்.

ஏ.எம்.எச். ஏற்கெனவே குறைவாக இருந்தாலோ, வயது கூடியிருந்தாலோ, முதலில் ஐ.வி.எஃப். (கருமுட்டையை வெளியே எடுத்து ஆய்வகத்தில் கருவாக்கும் சிகிச்சை) பற்றிப் பேசுவது நல்லது. ஐ.வி.எஃப். வெற்றியைக் கூட்டுவதற்காக மட்டும் இக்கட்டியை வழக்கமாக அகற்ற வேண்டியதில்லை என்று ஐரோப்பிய இனப்பெருக்க மருத்துவச் சங்கத்தின் 2022ஆம் ஆண்டு வழிகாட்டுதல் கூறுகிறது. பொறுக்க முடியாத வலி, ஸ்கேனில் புற்றுநோய் ஐயம், முட்டை எடுக்க ஊசி செலுத்த இயலாதபடி கட்டி மறைத்து நிற்பது ஆகியவை இருந்தால் நிலைமை வேறு. சினைப்பைப் புற்றுநோய் ஐயத்தில் இரத்தத்தில் பார்க்கும் சி.ஏ.125 அளவு, எண்டோமெட்ரியோசிஸிலேயே உயரக்கூடியது. அது ஒன்றை மட்டும் கண்டு அஞ்ச வேண்டாம்.

அறுவை மருத்துவரிடம், உறையை உரிக்கப் போகிறாரா அல்லது சுட்டு அழிக்கப் போகிறாரா, இரத்தத்தைத் தையலால் நிறுத்துவாரா என்று தயங்காமல் கேளுங்கள். அறுவைக்குப் பின் கருத்தரிப்பை ஒத்திப்போடுவதாக இருந்தால், கட்டி மீண்டும் வராமலிருக்க ஹார்மோன் மருந்தை நீண்ட காலம் தொடர வேண்டியிருக்கும்.

இதற்கிடையில் திடீரென அடிவயிற்றில் தாங்க முடியாத வலியோ, வாந்தியோ, காய்ச்சலோ வந்தால், கட்டி வெடித்தோ சினைப்பை முறுக்கிக்கொண்டோ இருக்கலாம். அப்போது ஆலோசனை நாளுக்காகக் காத்திராமல் உடனே அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.