கம்பம், கம்பி, மின்மாற்றி: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி (தக்கலை): மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையிலிருந்து மதியம் தாண்டியும் கரண்டை நிறுத்துகிறார்கள். அத்தனை நேரம் என்ன வேலை நடக்கிறது? மறுநாளே எங்கள் தெருவில் கரண்ட் போனதே, அது எப்படி?

பதில்: நிறுத்திய நேரம் முழுவதும் வேலைக்கே கிடைப்பதில்லை. லைனைத் துண்டிக்கும் பிரேக்கரைத் திறக்க வேண்டும், லைன் பிரிந்திருப்பதைக் கண்ணுக்குக் காட்டும் ஐசொலேட்டரை விலக்க வேண்டும், கரண்ட் இல்லை என்று சோதிக்க வேண்டும், வேலை நடக்கும் இடத்தின் இரு பக்கமும் கம்பியைத் தரையோடு இணைக்கும் எர்த் ராடு மாட்ட வேண்டும். அதன் பிறகுதான் 'எல்.சி.' என்கிற லைன் கிளியர் அனுமதியை எழுதித் தருவார்கள். ஏதாவது ஒரு வீட்டில் ஜெனரேட்டரைத் தப்பாக இணைத்திருந்தால், அந்த மின்சாரம் மின்மாற்றி வழியாகத் திரும்பி 11 கே.வி. (11,000 வோல்ட்) கம்பியில் ஏறிவிடும். கம்பத்தில் இருப்பவரை அப்போது காப்பது அந்த எர்த் ராடுதான். வேலை முடிந்ததும் ஆட்களை எண்ணி, ராடுகளை எண்ணி, எல்.சி.யைத் திருப்பிக் கொடுத்த பிறகே லைனில் மறுபடி மின்சாரம் விடுவார்கள். இதில் ஒரு படியையும் அவசரப்படுத்தக் கூடாது.

நடுவில் கிடைக்கும் நேரத்தில் இன்சுலேட்டர்களைத் துடைப்பார்கள், கிளாம்ப் போல்ட்டுகளை முறுக்குவார்கள், மின்மாற்றியின் எண்ணெய் மட்டம் பார்ப்பார்கள், உள்ளே போகும் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் பிரீதரில் உள்ள சிலிக்கா ஜெல் நீலத்திலிருந்து வெளிர் சிவப்பாகியிருந்தால் மாற்றுவார்கள், பேட்டரி செட்டைச் சோதிப்பார்கள். பேட்டரியை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. லைனில் பழுது வரும்போது பிரேக்கரைத் திறக்க வைப்பது அதன் மின்சாரம்தான். பேட்டரி செத்திருந்தால், பழுதை உணரும் ரிலே சொன்னாலும் பிரேக்கர் திறக்காது. தெருவில் அறுந்து விழுந்த கம்பியில் கரண்ட் இருந்துகொண்டே இருக்கும்.

மறுநாள் போனதற்கு வருவோம். பராமரிப்பு நடந்தது துணை மின் நிலையத்திலும் 11 கே.வி. லைனிலும். உங்கள் தெருப் பழுது பெரும்பாலும் மின்மாற்றிக்கு இந்தப் பக்கம், வீடுகளுக்கு வரும் எல்.டி. (தாழ்வழுத்த) கம்பியில் இருந்திருக்கும். இன்னொரு காரணமும் உண்டு, அதுதான் முக்கியம். தளர்ந்த இணைப்பு சூடாவது கரண்ட் ஓடும்போது மட்டுமே. நிறுத்திய நாளில் எல்லா இணைப்பும் ஒன்றுபோலக் குளிர்ந்துதான் கிடக்கும். எனவே முந்தைய வாரம், லோடு உச்சத்தில் இருக்கும் இரவு நேரத்தில் சூட்டைக் காட்டும் தெர்மல் கேமராவால் பார்த்து, எந்தக் கம்பத்தில் எந்த பேஸ் ஜம்பர் (கம்பிகளை இணைக்கும் துண்டுக் கம்பி) என்று குறித்து வைத்திருக்க வேண்டும். அந்தக் குறிப்பில்லாத பராமரிப்பு நாள், பாதிக்கு மேல் துடைப்பதிலேயே போய்விடும்.

கேள்வி (குளச்சல்): பெருமழையில் கூட எங்கள் பக்கம் கரண்ட் போவதில்லை. ஆனால் லேசாகத் தூறினாலோ விடியற்காலையில் பனி இறங்கினாலோ இன்சுலேட்டரில் 'சர்ர்' என்று சத்தம், நீலப் பொறி, உடனே கரண்ட் போய்விடுகிறது. ஏன் இப்படி?

பதில்: உப்புதான் காரணம். கடற்காற்று கொண்டுவரும் உப்பு இன்சுலேட்டரில் மெல்லிய படலமாகப் படிகிறது. காய்ந்திருக்கும்வரை அது மின்சாரத்தைக் கடத்தாது. தூறலோ பனியோ அதை நனைக்கும், ஆனால் கழுவாது. நனைந்த உப்பு கடத்தத் தொடங்கும். கசிவு மின்சாரத்தின் சூட்டில் படலம் ஆங்காங்கே வளையம் வளையமாகக் காயும். முழு மின்னழுத்தமும் அந்தக் காய்ந்த வளையங்களின்மேல் விழ, அங்கே பொறி பறக்கும். நீங்கள் கேட்கும் சத்தம் அதுதான். பொறிகள் ஒன்றோடொன்று சேர்ந்துவிட்டால் பிரேக்கர் திறந்துவிடும். பெருமழை உப்பைக் கழுவிவிடுவதால் அப்போது தொல்லை இல்லை.

தீர்வு இரண்டு. மழையில்லாத மாதங்களில் இன்சுலேட்டரைக் கழுவுவது ஒன்று. கசிவுத் தூரம் (மேற்பரப்பு வழியே மின்சாரம் கசிய வேண்டிய நீளம்) அதிகமுள்ள இன்சுலேட்டருக்கு மாறுவது மற்றொன்று. மிகக் கடுமையான மாசுள்ள இடத்துக்கு ஒரு கே.வி.க்கு 31 மி.மீ. என்பது கணக்கு, 11 கே.வி. அமைப்பின் உச்ச அளவான 12 கே.வி.யால் பெருக்கினால் 372 மி.மீ. வருகிறது. உள்நாட்டில் போடும் அதே பொருளைக் கொல்லங்கோட்டிலிருந்து கன்னியாகுமரி வரையுள்ள கரையிலும் போட்டால் இந்தப் புகார் ஓயாது. தண்ணீர் ஒட்டாத சிலிகோன் ரப்பர் வகை இங்கே நன்றாக உழைக்கும்.

கம்பியையும் கவனியுங்கள். ஏ.சி.எஸ்.ஆர். கம்பியின் நடுவில் எஃகு இழை, சுற்றிலும் அலுமினியம். உப்பு உள்ளே இறங்கி எஃகின் துத்தநாகப் பூச்சைத் தின்றால், முதலில் கம்பியின் மேல் வெள்ளைத் தூள் தெரியும். பிறகு ஓரிடத்தில் கம்பி உப்பிப் பருத்து நிற்கும். அப்படி நின்றால் அது விரைவில் அறும் கம்பி. இரு கம்பங்களுக்கு இடைப்பட்ட அந்த ஸ்பானையே மாற்ற வேண்டும், ஜாயின்ட் போட்டு ஒட்டக் கூடாது. எஃகு இல்லாத அலுமினியக் கலவைக் கம்பிதான் கடலோரத்துக்கு ஏற்றது.

கேள்வி (குலசேகரம்): எங்கள் தெருவின் 100 கே.வி.ஏ. மின்மாற்றி அடிக்கடி எரிகிறது. மாற்றிப் போட்டாலும் சில மாதம்தான். மட்டமான மின்மாற்றியைத் தருகிறார்களா?

பதில்: ஒரே இடத்தில் அடுத்தடுத்து எரிந்தால் மின்மாற்றியைவிட அந்த இடத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். 100 கே.வி.ஏ. திறனுக்கு எல்.டி. பக்கம் ஒரு பேஸுக்கு ஏறத்தாழ 133 ஆம்பியர் வரலாம். மாலை 7 முதல் 10 மணிக்குள், கம்பியைச் சுற்றிப் பிடித்து ஆம்பியர் அளக்கும் டாங் டெஸ்டரால் மூன்று பேஸையும் தனித்தனியே அளக்க வேண்டும். மொத்த லோடு சரியாக இருந்தும் ஒரு பேஸில் மட்டும் 160 ஓடினால் அந்தச் சுருள்தான் வேகும். வீடுகளைப் பேஸ் மாற்றிப் பிரித்தாலே பல இடங்களில் சரியாகும்.

அடுத்து ஃபியூஸ். அடிக்கடி போகிறதே என்று அளவான ஃபியூஸ் கம்பிக்குப் பதில் அலுமினிய இழையை முறுக்கி வைத்திருந்தால், ரப்பர் மரக்கிளை எல்.டி. கம்பிகளை உரசும் ஒவ்வொரு முறையும் ஷார்ட்டின் அடி நேரே சுருளில் விழும். மலையடிவாரத்தில் இடி அதிகம் என்பதால் மின்னல் காப்பானும் அதன் எர்த்தும் நல்ல நிலையில் இருக்க வேண்டும். எர்த் பைப்புக்கு வரும் பட்டை துருப்பிடித்து அறுந்தே கிடப்பதுண்டு. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் இருப்பது போலத் தோன்றும். கேஸ்கெட்டில் எண்ணெய் கசிந்தால் அதே வழியில் ஈரமும் உள்ளே போகும்.

ஒவ்வொரு மின்மாற்றிக்கும் வரிசை எண், தயாரிப்பு ஆண்டு, நிறுவிய தேதி, பழுதின் காரணம் எல்லாம் பதிவேட்டில் ஏற வேண்டும். காரணம் என்ற கட்டத்தில் 'எரிந்தது' என்று மட்டும் எழுதினால் பயனில்லை. எந்த பேஸ், எச்.டி. (உயரழுத்த) சுருளா எல்.டி. சுருளா, எண்ணெய் எவ்வளவு இருந்தது, ஃபியூஸில் என்ன இருந்தது என்று எழுதினால்தான் அடுத்த மின்மாற்றி பிழைக்கும்.

கேள்வி (இரணியல்): வீட்டருகே சிமென்ட் கம்பத்தில் நீளவாக்கில் வெடிப்பு. ஆபத்தா?

பதில்: ஆபத்துதான். உள்ளே கம்பி துருப்பிடித்துப் பருக்கும்போது கான்கிரீட் அப்படித்தான் நீளவாக்கில் பிளக்கும். துருக்கறையும் தெரிந்தால் உடனே எழுதிக் கொடுங்கள். 2017 நவம்பர் 30 ஒக்கிப் புயலில் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஆயிரக்கணக்கான கம்பங்கள் விழுந்தன. அதற்குப் பிறகு அவசரமாக நட்டவை எல்லாம் ஒரே வயது என்பதால் அவற்றைத் தொகுதியாகவே சோதிப்பது நல்லது. நீளத்தில் ஆறில் ஒரு பங்கு மண்ணுக்குள் இருக்க வேண்டும். 9 மீட்டர் கம்பத்துக்கு 1.5 மீட்டர்.

கேள்வி (திங்கள்சந்தை): கம்பத்தைச் சாயாமல் தரைக்கு இழுத்துக் கட்டிய ஸ்டே கம்பியில் ஆடு கட்டலாமா?

பதில்: கூடவே கூடாது. துணிக்கொடியும் கட்டாதீர்கள். ஸ்டே கம்பியின் நடுவே தரையிலிருந்து குறைந்தது 3 மீட்டர் உயரத்தில் முட்டை வடிவ இன்சுலேட்டர் இருக்க வேண்டும். அது இல்லை என்றாலோ உடைந்திருந்தாலோ புகார் கொடுங்கள்.

கேள்வி (கருங்கல்): புகார் செய்யும்போது என்ன சொன்னால் வேலை நடக்கும்?

பதில்: 'எங்க ஊர்ல கரண்ட் இல்ல' என்பதோடு நிறுத்தாதீர்கள். மின் இணைப்பு எண், கம்ப எண், உங்கள் வீட்டுக்கு மட்டுமா தெருவுக்கா, மூன்று பேஸில் எது போனது, போன நேரம், அப்போது மழையா காற்றா வெயிலா, இவற்றைச் சொல்லுங்கள். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987. பதிவு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அதே பழுது மூன்றாம் முறை வந்தால் தேதிகளோடு பிரிவு அலுவலக உதவிப் பொறியாளருக்கு எழுத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். தென்னை ஓலை கம்பியில் உரசுவதாக இருந்தால் ஜூன், அக்டோபர் மழைகளுக்கு முன்பே கொடுத்துவிடுங்கள். தோட்டியை எடுத்து நீங்களே வெட்டப் போகாதீர்கள், ஈர ஓலை வழியாகவும் 11 கே.வி. இறங்கும்.