'குட்டிப் பனை' மஞ்சளாகிறது, மாற்றித் தருவார்களா?

கேள்வி: கொழும்பில், கடலோர வெள்ளவத்தையில் தொடர்மாடி வீடு. வீட்டுக்குள்ளேயே வைக்கலாம், தினமும் தண்ணீர் விடுங்கள் என்று சொல்லி 'சேகோ பாம்' என்ற குட்டிப் பனையை 6,500 ரூபாய்க்குத் தந்தார்கள். இரண்டு மாதத்தில் ஓலைகள் மஞ்சளாகிவிட்டன. திருப்பிக் கொடுக்கலாமா? வீட்டில் இரண்டு வயது மகனும் நாய்க்குட்டியும் இருக்கிறார்கள்.

பதில்: முதலில் சட்டியை மகனுக்கும் நாய்க்குட்டிக்கும் எட்டாத இடத்தில் வையுங்கள். மீதியை அப்புறம் வாசிக்கலாம். இந்தச் செடி முழுக்க நஞ்சு, கொட்டை இன்னும் மோசம். நாய் கடித்துத் தின்றால் வாந்தியில் தொடங்கி ஈரல் வரை பாதிக்கும். தின்றது தெரிந்தால் வாந்தி வரட்டும் என்று காத்திருக்காமல் மிருக வைத்தியரிடம் ஓடுங்கள். விற்றவர் இதைச் சொல்லாமல் விட்டது எனக்குக் கோபத்தையே தருகிறது.

நீங்கள் வாங்கியது பனையே அல்ல, சைக்கஸ். பூக்காமல் கூம்பு விடும் பழைய தாவர இனம். பனையைவிடப் பைன் மரத்துக்குத்தான் கிட்டிய சொந்தம். ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. கடைகளில் அதிகம் கிடைக்கும் வகை, இளம் ஓலை பன்னத்தைப் போலச் சுருண்டு விரியும் 'சைக்கஸ் ரெவொலூட்டா'. அதன் ஊர் தெற்கு ஜப்பான், ரியூக்யூ தீவுகளின் கடலோரப் பாறைச் சரிவு. நல்ல வெயில், தண்ணீர் நிற்காத மண். ஆகவே உங்கள் வீட்டுக் கடற்காற்றைக் குறை சொல்ல முடியாது. இருட்டு மூலையும் தினசரித் தண்ணீரும்தான் எனக்குச் சந்தேகம்.

செடியின் நடுவிலுள்ள மொட்டு கெட்டியாக இருக்கிறதா என்று விரலால் அழுத்திப் பாருங்கள். கல் மாதிரி இருந்தால் பிழைக்கும். மணலும் சிறுகல்லும் கலந்த மண்ணுக்கு மாற்றி, பல்கனி வெயிலுக்கு மெல்ல மெல்லப் பழக்குங்கள். மேல்மண் நன்றாகக் காய்ந்த பிறகே தண்ணீர். மஞ்சளான ஓலை திரும்பப் பச்சையாகாது. புது ஓலைக்கட்டு வரும்வரை பொறுக்க வேண்டும். மொட்டு அமுங்கினால் உள்ளே அழுகிவிட்டது. ஓலையின் அடியில் தேங்காய்ப்பூத் தூவியது போல வெள்ளை இருந்தால் செதில்பூச்சி.

பணத்துக்கு வருவோம். பற்றுச்சீட்டும், வீட்டுக்குள் வைக்கலாம் என்று எழுதிய அட்டையோ வாட்ஸ்அப் செய்தியோ இருந்தால், படத்தோடு கடைக்காரரிடம் போய்ப் பேசுங்கள். மசியவில்லையா, நுகர்வோர் அதிகாரசபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைக்கலாம். வெறும் வாய்ப்பேச்சென்றால், இரண்டு மாதம் கழித்து நிரூபிப்பது கஷ்டம்.

இன்னொரு செடி வாங்குவதானால், வேர் வெட்டிய பெரிய தண்டு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். சிங்களத்தில் 'மடு' என்று சொல்லும் நம் நாட்டுச் சைக்கஸைக் காட்டிலிருந்து பெயர்த்ததாக இருக்கலாம்.